அம்மாவிடம் பேசி முடித்ததும் ஏன் இன்னும் கனக்கிறது?

கேள்வி: நான் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரன், வயது 27. மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனை (பாமாயில் பனை) தோட்டத்துக்கு வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. இங்கே தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், மாரியம்மன் கோயில் இருக்கிறது, சோறு குழம்பு கிடைக்கிறது. அப்படியிருந்தும் மனசு ஊரிலேயே கிடக்கிறது. தினமும் ராத்திரி படுத்துக்கொண்டே அம்மாவிடம் வீடியோவில் பேசுவேன். வைத்த பிறகு இன்னும் கனக்கிறது, தூக்கம் வருவதில்லை. சில நாள் அழுதுவிடுகிறேன். ஆண்பிள்ளை இப்படி இருக்கலாமா? பேசாமல் ஊருக்கே போய்விடலாமா?

பதில்: தம்பி, அழுகையிலிருந்தே தொடங்குகிறேன். 1688இல் ஜொஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் தன் பட்ட ஆய்வை இந்த ஊர் ஏக்கத்தைப் பற்றியே எழுதினார். ‘நோஸ்டால்ஜியா’ என்று அதற்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். அதில் ஓர் இளைஞன் வருகிறான். பேர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்தவன், ஏக்கத்தில் படுத்த படுக்கையானான். வீட்டுக்குப் புறப்பட்டதுமே தேறத் தொடங்கினான். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர்தான். பேசுவதும் ஒரே மொழி. அப்படியிருந்தும் அவனுக்கு அந்தப் பாடு. நீங்கள் கடல் தாண்டி வந்திருக்கிறீர்கள். ஆண்பிள்ளை இப்படி இருக்கலாமா என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மொழியும் கோயிலும் இருந்தும் ஏன் இப்படி என்று கேட்கிறீர்கள். அவை இருப்பதால்தான் உங்களுக்குக் கூடுதலாக வலிக்கிறது என்று எனக்குப் படுகிறது. முழுக்க அந்நியமான இடத்தில் மனம் எதையும் எதிர்பார்க்காது. இங்கே உடுக்கைச் சத்தம் கேட்டதும் நம்ம ஊர் என்று நினைத்துவிடுகிறது, திரும்பிப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. காலையில் “பசியாறியாச்சா?” என்கிறார்கள், பணத்தை “வெள்ளி” என்கிறார்கள். சொல் புரிகிறது, ஆனால் அது உங்கள் வீட்டுப் பேச்சு இல்லை. ஒரு நாளில் இப்படிப் பத்து இருபது சின்ன ஏமாற்றம். ராத்திரி உடம்பு ஓய்ந்ததும் அத்தனையும் சேர்ந்து வருகிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் அம்மாவைக் கூப்பிடுகிறீர்கள். படுக்கையில், விளக்கை அணைத்துவிட்டு, களைப்போடு. அரை மணி நேரம் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். வைத்த அடுத்த நொடி விடுதிச் சுவர்தான் கண்ணில் படும். பிரிவை ஒவ்வொரு ராத்திரியும் புதிதாக அனுபவித்துவிட்டு, உடனே தூங்கவும் பார்க்கிறீர்கள். எப்படி வரும் தூக்கம்?

பேச வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நேரத்தை மாற்றுங்கள். மலேசிய நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே மாலை ஆறரை என்றால் அங்கே நான்கு மணி, அம்மா டீ போடும் நேரம். வேலை முடிந்து குளித்துவிட்டு, வெளியே உட்கார்ந்து, கால் மணி நேரம் பேசுங்கள். வைத்ததும் கைக்கு ஒரு வேலை இருக்கட்டும்: சமையல், துணி துவைப்பது, எதுவானாலும் சரி. “நல்லா இருக்கேன்” என்பதோடு நிறுத்தாமல் அன்று நடந்ததில் ஒன்றைச் சொல்லுங்கள். நல்லதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. எல்லாவற்றையும் மறைத்துச் சிரிப்பது பெரிய உழைப்பு, வைத்த பிறகு கனப்பதில் பாதி அதுதான். இரண்டு நாளுக்கு ஒரு தடவை குரல் பதிவு மட்டும் அனுப்பிப் பாருங்கள். அம்மா அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்.

தூக்கத்துக்கு ஒரு வார்த்தை. விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கு, எழும் அதே நேரத்துக்கு ஓய்வு நாளிலும் எழுந்துவிடுங்கள். மாலைக்குப் பிறகு காப்பி, டீ வேண்டாம். அப்புறம், மலிவுச் சாராயம். அது சீக்கிரம் கண்ணைச் செருக வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிட்டு மறுபடி தூங்க விடாது. தோட்டப்புறத்தில் அது எத்தனை குடும்பத்தைச் சாய்த்தது என்று பார்த்தவள் நான், அதனால் கெஞ்சியே கேட்கிறேன்.

இன்னொன்று: இந்த ஊரில் உங்களை எதிர்பார்க்க யாராவது வேண்டும். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். வெள்ளிக்கிழமை பாத்திரம் கழுவவோ அன்னதானத்துக்குக் காய் நறுக்கவோ ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். இரண்டு வாரம் போனால், மூன்றாவது வாரம் “ஏன் தம்பி வரலை?” என்று ஒரு அக்கா கேட்பார். அந்தக் கேள்வி உங்களுக்கு ரொம்பத் தேவை. இங்குள்ள பெரியவர்களுக்கும் ஊரை இழந்த வலி தெரியும். 1950களில் தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்பது, நடந்தபோது எத்தனையோ குடும்பங்கள் பிறந்த லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு வெளியேறின. இதே சுங்கை சிப்புட்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, அந்தத் தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டத்தைத் தாங்களே வாங்கத்தான். என் பாட்டி தன் லயத்தை இடித்த பிறகும் வருடக்கணக்கில் அந்தப் பால்மர (ரப்பர்) காட்டின் வாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு தாத்தாவிடம் பழைய கதை கேளுங்கள், உங்கள் கதையை அவரும் கேட்பார்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஏதாவது இருக்குமோ என்றும் யோசிக்கிறேன். சம்பளம் பிந்துகிறதா? ஏஜெண்டு கடன் நெருக்குகிறதா? கடப்பிதழ் (பாஸ்போர்ட்) யார் கையில் இருக்கிறது? அதெல்லாம் ஏக்கம் இல்லை, அநியாயம். மனதைத் தேற்றிக்கொண்டு சரிசெய்கிற விஷயமும் இல்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வாரம் ஒரு நாள் ஓய்வு உங்கள் உரிமை. உங்கள் சம்மதமில்லாமல் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். தொழிலாளர் இலாகாவிலோ கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்திலோ புகார் சொல்லலாம்.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க விடாமல் இருந்தால், சாப்பாடு இறங்காவிட்டால், வேலையில் கவனம் தப்பினால், அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் காலை 8 முதல் நள்ளிரவு வரை பேசலாம். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அந்த ராத்திரியே ‘பிஃப்ரெண்டர்ஸ்’ அமைப்பின் 03-7627 2929 எண்ணைக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். போலீஸ் வருமோ என்ற பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

ஊருக்குப் போவதா என்ற கேள்விக்கு ராத்திரியில் பதில் தேடாதீர்கள். இந்த மாதம் முழுக்க நான் சொன்னபடி இருந்து பாருங்கள். ஞாயிறுதோறும் காலையில், வயிறு நிறைந்த பிறகு, கடன் எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை மாதம், மனசு எப்படி என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான்கு ஞாயிறும் ‘போக வேண்டும்’ என்றே வந்தால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு அம்மாவிடம் பேசுங்கள்.