பித்தப்பை ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

பினாங்கில் திசு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. பித்தப்பை ஆய்வு பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து: அக்கா, கல்லுக்காகத்தானே அம்மாவின் பித்தப்பையை எடுத்தார்கள்? அப்புறம் எதற்கு பயாப்சி? புற்றுநோய் சந்தேகமா?

இல்லை தம்பி. எடுத்த பையை ஆய்வுக்கு அனுப்புவது பொதுவான வழக்கம். கல்லோடு சேர்ந்து ஒளிந்திருக்கும் புற்று எப்போதாவது அகப்படும், அதற்காகத்தான். பையை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறவைத்து, துண்டுகளை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிய பிறகுதான் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். ரிப்போர்ட் வர நாளாவது அதனால்தான்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: 'குரோனிக் கோலிசிஸ்டைட்டிஸ்', 'கொலஸ்ட்ரோலோசிஸ்', 'ரோகிடான்ஸ்கி-ஆஷாஃப் சைனஸ்' என்று இருக்கிறது. இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

தூங்குங்கள் அம்மா. மூன்றில் எதுவும் புற்று இல்லை. முதலாவது நாள்பட்ட அழற்சி. கல் இருக்கும் பையில் சாதாரணமாகக் காண்பது. இரண்டாவது, உள்சுவரில் மஞ்சள் புள்ளிகளாகக் கொழுப்பு படிந்திருப்பது. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை, நாசி கண்டார் சோற்றைத் திட்ட வேண்டாம். (திட்ட வேறு காரணங்கள் உண்டு.) மூன்றாவது வாயில் நுழையாத பெயர், அவ்வளவுதான். உள்தோல் தசைக்குள் பொந்து பொந்தாக இறங்கியிருக்கிறது.

கிள்ளானிலிருந்து: அப்பாவுக்குப் பித்தப்பையில் கட்டி. ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்காமல் நேரே ஆபரேஷன் என்கிறார்கள். சரியா?

சரிதான். ஊசி குத்தினால் பித்தநீர் கசியலாம். புற்றாக இருந்தால் அணுக்கள் வயிற்றுக்குள் சிந்திப் பரவவும் கூடும். அதனால் எடுக்கக்கூடிய கட்டியை முழுசாக எடுத்த பிறகே ஆராய்வார்கள். ஆபரேஷன் செய்ய முடியாத நிலையில், கீமோவுக்கு முன் உறுதிப்படுத்த ஊசி போடுவார்கள்.

ஈப்போவிலிருந்து: கல்லுக்கென்று எடுத்த பையில் 'டி1பி' என்று வந்திருக்கிறது. பையே போய்விட்டதே, இன்னும் என்ன?

இதை மட்டும் ஆறப்போடாதீர்கள். புற்று உள்தோலோடு நின்றால் 'டி1ஏ'. வெட்டிய ஓரம் சுத்தமாக இருந்தால் பையை எடுத்ததே பெரும்பாலும் போதும். 'டி1பி' என்றால் தசை வரை இறங்கிவிட்டது. பை ஒட்டியிருந்த ஈரல் பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க இன்னொரு ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள். ஈரல், பித்தக்குழாய் ஆபரேஷனில் பழக்கமுள்ள சர்ஜனைப் பாருங்கள். பித்தப்பைக் குழாயின் வெட்டிய ஓரத்தில் புற்று இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

கூலிமிலிருந்து: புண் ஆறிவிட்டது, வலியும் இல்லை. ரிப்போர்ட் வாங்க வேறு போக வேண்டுமா?

போங்கள். ஐ.சி.யை (அடையாள அட்டையை) மறக்காமல் எடுத்துப் போய், ஒரு நகலும் கேட்டு வாங்குங்கள்.