கேள்வி பதில்: மத்திய கோட்டுக்கு அருகே பனிக்கட்டியாறு

கேள்வி: ஆபிரிக்காவில் பனிக்கட்டியாறுகள் இருக்கின்றன, அவுஸ்திரேலியப் பெருநிலத்தில் ஒன்றும் இல்லை என்று வாசித்தேன். வெயில் கூடிய ஆபிரிக்காவில் அவை எப்படி உருகாமல் இருக்கின்றன? ஏனைய கண்டங்களில் எங்கெங்கே உள்ளன?
- தரம் 11 மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: அன்பு மகளே, நீங்கள் வாசித்தது சரி. நாம் வாழும் வன்னி மத்திய கோட்டிலிருந்து ஏறத்தாழ 9 பாகை வடக்கே இருக்க, தன்சானியாவின் கிலிமஞ்சாரோ அதே கோட்டுக்கு 3 பாகை தெற்கே, நம்மைவிட நெருக்கமாக நிற்கிறது. ஆனால் அதன் உச்சி 5,895 மீற்றர் உயரமானது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். வன்னியின் சராசரி வெப்பநிலையை 28 பாகை என்று வைத்துக்கொண்டு கொப்பியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 மீற்றரில் அது பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். நமது பிதுருதலாகலை 2,524 மீற்றர் மட்டுமே என்பதால் அங்கே கணக்கு 11 பாகைக்குக் கீழே இறங்காது. அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் மிக உயர்ந்த கொசியஸ்கோ மலை அதனிலும் தாழ்ந்தது, 2,228 மீற்றர்தான். அங்கே மாரியில் விழும் பனி கோடையில் கரைந்துவிடுகிறது.

குளிர் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். குளத்துக்கு இருப்பது போலப் பனிக்கட்டியாற்றுக்கும் வரவு செலவு உண்டு. மேற்பகுதியில் ஆண்டுதோறும் விழும் பனி முழுவதும் உருகாமல் எஞ்சி, அடுக்கடுக்காக அமுங்கி, கட்டியாக இறுகி, தன் பாரத்தினாலேயே மெல்ல மெல்லக் கீழே நகர்ந்து, வெப்பம் கூடிய தாழ்வில் உருகி முடிகிறது. சைபீரியச் சமவெளிகளில் குளிர் மிகக் கடுமையானது; ஆயினும் விழும் பனி குறைவு, அதையும் கோடை கரைத்துவிடும் என்பதால் அங்கே பனிக்கட்டியாறு உருவாகவில்லை.

உலகின் நிலப்பனிக்கட்டியில் ஏறத்தாழ 99 வீதம் அந்தாட்டிக்காவிலும் கிறீன்லாந்திலும் இருக்கிறது. அவற்றுக்கு வெளியே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பனிக்கட்டியாறுகள் உள்ளன. ஆசியாவில் இமயமலை, காரகோரம், பாமிர்த் தொடர்களில் அவை செறிந்திருக்கின்றன; காரகோரத்தின் சியாச்சென் மட்டும் 70 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. ஐரோப்பாவில் அல்ப்ஸ், நோர்வே, ஐஸ்லாந்து ஆகிய இடங்களையும், வட அமெரிக்காவில் அலாஸ்காவையும் கனடாவையும் முதலிற் சொல்லலாம். தென் அமெரிக்காவில் அந்தீஸ் மலைத்தொடர் நெடுகிலும் அவை உண்டு; எக்குவடோரின் கயம்பே எரிமலையில் மத்திய கோடு செல்லும் சரிவிலேயே பனி படிந்திருப்பதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு வியப்புத் தீரவில்லை. நியூசிலாந்தில் ஏறத்தாழ மூவாயிரம் உள்ளன. ஆபிரிக்காவில் கிலிமஞ்சாரோ, கென்யா மலை, உகண்டா-கொங்கோ எல்லையிலுள்ள ருவென்சோரி ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. கிலிமஞ்சாரோவில் 1912 இல் இருந்த பனிக்கட்டிப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்று இல்லை. இந்தத் தொடருக்காக எழுதியவற்றில் என்னை மிகவும் வருத்திய தகவல் இது.

கேள்வி: மாரி வெள்ளத்தை இரணைமடுவில் தேக்கிச் சிறுபோகத்துக்குத் திறந்துவிடுகிறோம். பனிக்கட்டியாற்று நீரும் அப்படி வேளாண்மைக்கு உதவுகிறதா?
- விவசாயி, மாங்குளம்

பதில்: உதவுகிறது, ஐயா. வெப்பவலயப் பனிக்கட்டியாறுகளில் ஏறத்தாழ 70 வீதம் பெரு நாட்டில் உள்ளன. அங்கே மே முதல் செப்ரெம்பர் வரை மழை மிகக் குறைவு. அந்த மாதங்களில் சாந்தா ஆற்றங்கரை வயல்களுக்கும் ஊர்களுக்கும் கோர்டில்லேரா பிளாங்கா மலைத்தொடரின் உருகுநீர் கைகொடுக்கிறது. பாகிஸ்தானின் பெரும் வாய்க்கால்களுக்கு நீர் தரும் சிந்து நதியும் பனி உருகுவதையே பெரிதும் நம்பியிருக்கிறது.

ஆனால் வற்றிய குளம் ஒரு நல்ல மாரியில் வான் பாயும். சுருங்கிய பனிக்கட்டியாறு பழைய நிலைக்குத் திரும்பப் பல தலைமுறைகள் வேண்டும், அதுவும் குளிர் திரும்பினால் மட்டுமே. அது சுருங்கத் தொடங்கும் காலத்தில் கூடுதலாக உருகுவதால் ஆற்றில் நீர் பெருகும். கீழே இருப்போர் அதை நல்ல காலம் என்று எண்ணிக் காணியைக் கூட்டிவிடக்கூடும். பின்னர் உருகுவதற்குக் கட்டி குறைந்துபோக, வறண்ட மாதங்களின் நீரும் குறையும். சாந்தா ஆற்றின் பல கிளைகள் நீர் பெருகும் கட்டத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டன.