தினமும் 2 டீஸ்பூன் பட்டைத் தூள்: எஸ்ஜிபிடி ஏறியது பற்றி

சர்க்கரை குறைய 3 மாதமாகத் தினமும் 2 டீஸ்பூன் பட்டைத் தூளை வெந்நீரில் கலந்து குடிக்கிறீர்கள், எடை 60 கிலோ, இப்போது எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறியிருக்கிறது என்கிறீர்கள். இன்றே தூளை நிறுத்துங்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது காசியா பட்டை. அதிலுள்ள கூமரின் என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். கிலோ எடைக்கு 0.1 மி.கி. என்பதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வைத்த தினசரி வரம்பு. உங்களுக்கு 6 மி.கி. ஒரு டீஸ்பூன் காசியா தூளே பல நேரம் இதைத் தாண்டிவிடும், நீங்கள் எடுப்பதோ இரண்டு. வடிகட்டிக் குடித்தாலும் தப்ப முடியாது, கூமரின் வெந்நீரில் இறங்கிவிடும்.

சிலோன் பட்டையில் கூமரின் மிகக் குறைவு. மெல்லிய ஏடுகள் பல சுருண்டு, விரலால் நொறுங்கினால் சிலோன். தடித்த ஒற்றைச் சுருளாகக் கடினமாக இருந்தால் காசியா. தூளாக வாங்கினால் கண்ணால் பிரிக்கவே முடியாது. சமையலில் ஒரு துண்டு போடுவது பரவாயில்லை.

எஸ்ஜிபிடி ஏற வேறு காரணங்களும் உண்டு, குறிப்பாகக் கொழுப்புக் கல்லீரல். எவ்வளவு தூள், எத்தனை நாள் என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி, அவர் சொல்லும் இடைவெளியில் மறுபரிசோதனை செய்யுங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ அதுவரை காத்திருக்காதீர்கள்.