எரிமலையே இல்லாத தென்னாப்பிரிக்காவில் இவ்வளவு கிரானைட் எப்படி வந்தது?

கிரானைட்டுக்கு எரிமலை தேவையே இல்லை. பாறைக்குழம்பு வெளியே வந்து சட்டென்று ஆறினால் படிகங்கள் கண்ணுக்கே தெரியாது. கிரானைட் பல கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கி, மெதுவாக ஆறி உறைந்தது. அதனால்தான் அதில் அவ்வளவு பெரிய படிகங்கள்.

நான் கேப் டவுனில் இருக்கிறேன். டர்பனிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் முதலில் சீ பாயிண்ட் கடற்கரைக்குத்தான் கூட்டிப்போவேன். 1836இல் டார்வின் பார்த்த பாறைகள் அங்கே இருக்கின்றன. கடலடிச் சேறும் மணலும் இறுகிய கறுத்த மால்ம்ஸ்பரி பாறை பட்டை பட்டையாகப் பிளந்திருக்கும். பிளவுக்குள் வெளிர் கிரானைட் நாக்கு நாக்காக நுழைந்திருக்கும். அதில் கட்டைவிரல் நீளத்துக்கு ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தின் வெள்ளைப் படிகங்கள். இது ஒரு காலத்தில் ஓடிய குழம்பு என்று அங்கே யாரும் விளக்க வேண்டியதில்லை. சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது.

சரி, அந்தக் குழம்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பூமியின் மேலோட்டிலிருந்தேதான். சுமார் 1200 டிகிரிச் சூட்டில் கீழிருந்து ஏறும் பசால்ட் குழம்பு (ஆறினால் கறுத்த பாறையாகும் வகை) கண்டத்தின் அடியில் தேங்கினால், மேலே இருக்கும் பழைய பாறை சூடேறும். நீர்ச்சத்து இருந்தால் 700 டிகிரி வாக்கிலேயே உருகத் தொடங்கிவிடும். ஆனால் முழுதும் உருகாது. கடலை மிட்டாயைச் சூடாக்கினால் வெல்லம் இளகும், கடலை அப்படியே கிடக்கும், அல்லவா? அதுபோல, கிரானைட்டின் முக்கியக் கனிமங்களான குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் ஆகக்கூடிய பகுதி முதலில் பிரிந்துவரும். அது சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) மிகுந்த, எடை குறைந்த குழம்பு, மேலே ஏறிவிடும். கேப் கிரானைட்டில் கார்டியரைட் என்ற கனிமம் இருக்கிறது. களிமண் சேர்ந்த படிவுப் பாறை உருகியதற்கு அது நல்ல அடையாளம்.

கிரானைட் குழம்பு உருவாக இன்னொரு வழியும் உண்டு. பிரிட்டோரியாவுக்கு வடக்கே விரிந்துகிடக்கும் புஷ்வெல்டில், சுமார் 206 கோடி ஆண்டுகளுக்கு முன், பசால்ட் வகைக் குழம்பு ஆற ஆறப் படிகங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. குரோமியமும் பிளாட்டினமும் அந்த அடுக்குகளில்தான். இப்படிப் படிகங்கள் பிரியப் பிரிய, மிஞ்சும் குழம்பில் சிலிக்கா ஏறும். ஆனால் மிஞ்சுவது கொஞ்சம்தான். கண்டங்களில் இருக்கும் கிரானைட் அத்தனைக்கும் அது போதாது. (சமையலறை மேடைக்கு பிளாக் கிரானைட் என்று விற்கிற ருஸ்டன்பர்க் கல், கிரானைட்டே அல்ல, பசால்ட் வகைக் குழம்பு ஆழத்தில் மெதுவாக உறைந்த காப்ரோ வகை.)

ஆழத்தில் உறைந்தது இன்று கண்ணுக்குத் தெரிவது அரிப்பினால். சாப்மன்ஸ் பீக் சாலையில் போனால் கீழே கிரானைட், அதன்மேல் நேராகவே சிவந்த மணற்கல் அடுக்குகள். கிரானைட்டை மூடியிருந்த பல கிலோமீட்டர் பாறை முழுதும் கரைந்துபோன பிறகுதான் அந்த மணல் வந்து படிந்திருக்கிறது.