ஏற்றத்தில் சைக்கிள் செயின் சக்தியைக் கூட்டுகிறதா?

"ஏற்காடு ஏறும்போது கியரைக் குறைத்தால் மிதிப்பது லேசாகிறது. அந்தக் கூடுதல் சக்தி செயினிலிருந்தா வருகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. செயினுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், கயிறு மாதிரி. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்திப் பாருங்கள்: மேல் பக்கம் விறைத்து நிற்கும், கீழ்ப் பக்கம் தொளதொளவென்று தொங்கும். பல்லில் மாட்டிக்கொள்வதால் பெல்ட் போல வழுக்காது.

கணக்கு பற்களில்தான் இருக்கிறது. முன்னால் 44, பின்னால் 22 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் இரண்டு சுற்று. அதையே 24-க்கு 32 ஆக்கினால் முக்கால் சுற்றுதான். வேகம் போகிறது, பதிலுக்கு அதே மிதிக்குச் சக்கரத்தைத் திருப்பும் விசை இரண்டரை மடங்குக்கும் மேல். உங்கள் கால் தரும் சக்தி அதேதான். உராய்வில் கொஞ்சம் வீணாகும், அவ்வளவே.

அப்புறம், மலை ஏறுமுன் செயினை அளந்துவிடுங்கள். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் அரை அங்குலம், ஆகவே 24 இடைவெளி சரியாக 12 அங்குலம். பின்கள் தேயத் தேய அது நீளும். என்னுடையது அரைக்கால் அங்குலம் கூடியிருந்தது. 20 கொண்டை ஊசி வளைவில் மூன்றாவதிலேயே பல் தாண்டி, முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது.