ஊரில் வயிற்றுப்போக்கு பரவினால் சுகாதாரத் துறை உண்மையில் என்ன செய்கிறது?

"பிளீச்சிங் பவுடர் தூவிப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதைத் தவிர வேறு ஏதாவது செய்கிறார்களா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயமானதுதான். தமிழ்நாட்டில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாக்கடை ஓரத்தில் கோடு கோடாகத் தூவும் அந்தப் பொடியால் குழாய்க்குள் போன காலராவுக்கு ஒன்றும் ஆகாது. ஏதோ நடக்கிறது என்று ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அதில் பாதி நடக்கிறது.

முதல் தகவல் பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியரிடமிருந்து வரும். ஒரே தெருவில் நான்கைந்து பேருக்கு ஒரே நாளில் போகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குச் சொல்வார். அங்கிருந்து மாவட்டத்துக்குப் போகும். அன்றே வீடு வீடாக ஏறி ஒரு பட்டியல் எடுப்போம்: பெயர், வயது, தெரு, எந்த நேரத்தில் தொடங்கியது, எந்தக் குழாய்த் தண்ணீர், எந்த விசேஷத்தில் சாப்பிட்டார். கல்யாண வீட்டில் சாப்பிட்டவர்களுக்கு மட்டும் என்றால் சமையல் பக்கம் போவோம். பந்திக்கே போகாத பாட்டிக்கும் வந்திருக்கிறது, அதுவும் ஒரே குழாய் வரிசையில் என்றால் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன்பே மல மாதிரி எடுத்தாக வேண்டும்; ஒரு வேளை மருந்து உள்ளே போனாலும் ஆய்வகத்தில் கிருமி வளராமல் போகலாம். மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்கியவர்கள்தான் இதில் எங்களுக்குப் பெரிய தலைவலி. முடிவு வரும்வரை சிகிச்சை காத்திருக்காது. ஓ.ஆர்.எஸ். கரைசலை விடாமல் குடித்தாலே பெரும்பாலானவர்கள் தேறிவிடுவார்கள். ஒடுங்கிப்போனவர்களுக்கு மட்டும் டிரிப்.

பெரிய வேலை குழாயைத் தேடுவது. அழுத்தம் குறைந்த தெருக்களில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயைக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரும் சாக்கடைக் கசிவும் குழியில் தேங்கும். தண்ணீர் விடுவதை நிறுத்தியதும் குழாய் காலியாகி, குழியில் நிற்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் குடத்தில் முதலில் விழுவது அதுதான். மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் இருந்தால் இன்னும் மோசம்.

குளோரோஸ்கோப் என்று ஒரு சிறிய பெட்டி எங்களிடம் இருக்கும். தண்ணீரில் ஆர்த்தோடாலிடின் சில சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். ஒரு ஊரில் மேல்நிலைத் தொட்டியின் அடியில் எடுத்தது நல்ல மஞ்சள். கடைசிக் குழாயில் நிறமே ஏறவில்லை. நடுவில் எங்கோ அழுக்கு கலந்து குளோரினைத் தின்கிறது என்று பொருள். குழாய்ப் பாதையிலேயே நடந்து பார்த்தோம். சாக்கடைக்குள் முழுகி ஓடிய ஒரு வீட்டு இணைப்பை சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான இழுபறி. 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் சந்தேகத்துக்குரிய நீர்நிலையைத் தடை செய்யும் அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் தொட்டியும் குழாயும் ஊராட்சியின் கையில். துண்டிக்க வேண்டிய இணைப்புகளோ ஓட்டுப் போடுகிறவர்களுடையவை. லாரித் தண்ணீர் வரவழைப்பது எளிது, ஒரு குழியை மூடவைப்பது கடினம். தொட்டியில் பவுடரை அப்படியே கொட்டாமல், வாளியில் கரைத்துத் தெளியவைத்து மேல் தெளிவை ஊற்றச் சொல்வதற்கே ஆபரேட்டருடன் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவியபோது புதுச்சேரி அரசு பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தது, பள்ளிகளும் மூடப்பட்டன. பீதி கிளப்புகிறார்கள் என்று சிலர் சொன்னாலும், என் கணக்கில் அதுதான் சரி. நோயின் பெயரைச் சொல்லாமல் 'உணவு ஒவ்வாமை' என்று மழுப்பும் ஊரில் யாரும் தண்ணீரைக் காய்ச்ச மாட்டார்கள்.

காலராக் கிருமி உள்ளே போய் நோய் தெரிவதற்குச் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள் வரை ஆகலாம். அதனால் அதன் இரு மடங்கு, அதாவது பத்து நாள், பட்டியலில் புதிய பெயர் சேராவிட்டால்தான் ஊரில் போட்ட மருத்துவ முகாமைக் கலைப்போம். குழாய்ச் சோதனை அதற்குப் பிறகும் தொடரும். உங்கள் தெருவுக்கு யாராவது அந்தப் பெட்டியுடன் வந்தால், தெருமுனைக் குழாயோடு திருப்பி அனுப்பாமல் கடைசி வீட்டுக்கு அழைத்துப் போங்கள்.