கண்ணில் கட்டி, காரணம் நுரையீரல்: மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 48 வயது. சிகரெட் பழக்கம் கிடையாது. ஒரு கண் மங்கி, நேர்கோடு வளைந்து தெரிகிறது என்று கண் டாக்டரிடம் போனோம், கட்டி என்றார். பயாப்ஸி எல்லாம் முடிந்து இப்போது நுரையீரல் புற்றுநோய், ஏஎல்கே பாசிட்டிவ் என்கிறார்கள். வெறும் மாத்திரைதான் கொடுத்திருக்கிறார்கள். கண்ணை எடுக்க வேண்டாமா? எனக்கும் வருமா?

பதில்: அம்மாவுக்கு இருப்பது ஒரே நோய்தான், இரண்டு இல்லை. கண்ணில் இருப்பவை நுரையீரலிலிருந்து ரத்தத்தோடு போய்த் தங்கிய செல்கள். விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்று ஒரு படலம் இருக்கிறது, முழுக்க ரத்தக்குழாய், அங்கேதான் இவை ஒட்டிக்கொள்ளும். மூளை, எலும்பு, கல்லீரலுக்குப் பரவுவதுதான் வழக்கம், கண் அபூர்வம். கட்டியைச் சுற்றி நீர் கோத்து விழித்திரையைத் தூக்கிவிடுவதால்தான் கோடு வளைந்து தெரிகிறது.

"வெறும் மாத்திரை" என்று நினைக்காதீர்கள். ஏஎல்கே மரபணு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு, அணைக்க முடியாத சுவிட்ச் மாதிரி செல்லைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அலெக்டினிப், லோர்லாடினிப் போன்ற மாத்திரைகள் அதைத்தான் அடக்குகின்றன, ரத்தம் போகிற இடமெல்லாம் போகின்றன, மூளைக்குள்ளும் நன்றாகவே நுழைகின்றன. கண் கட்டி சுருங்கி, நீர் வற்றி, பார்வை திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அதனால் கண்ணை எடுக்கும் பேச்சே இப்போது வேண்டாம். மாத்திரை ஆரம்பித்த பிறகும் பார்வை இறங்கிக்கொண்டே போனால்தான் கண்ணுக்கு ரேடியேஷன் யோசிப்போம். அதைக் கண் டாக்டர் சில வாரத்துக்கு ஒருமுறை ஓசிடி (விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும்) ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும், புற்றுநோய் டாக்டர் மட்டும் பார்த்தால் போதாது.

மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே கேளுங்கள், அம்மாவுக்குத் தலைவலியே இல்லாவிட்டாலும்.

இது நாலாவது ஸ்டேஜ், முழுதாகக் குணமாகும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் லோர்லாடினிப்பை முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் 5 வருடம் கழித்தும் சுமார் 60 சதவீதம் பேருக்கு நோய் முற்றவில்லை. பழைய கீமோ காலத்தில் இதை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. லோர்லாடினிப் சாப்பிட்டால் பெரும்பாலும் கொலஸ்ட்ரால் ஏறும், சிலருக்கு மனநிலை மாறும், அம்மா திடீரென்று எரிந்து விழுந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், வயசு கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், உங்களுக்கு வருமா என்ற பயம். இந்த மாற்றம் கட்டியின் செல்களில் பிற்பாடு ஏற்பட்டது, பிறவியிலேயே வந்ததல்ல, பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதும் இல்லை. இதற்காக நீங்கள் டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை.